வன்னியில் நடக்கும் காதல் கதை: அறுபது பக்கம் நம்பிக்கை, மிச்சம் ஏமாற்றம்

கிளிநொச்சியில் பொறியியல் படிக்கும் விசுவமடுப் பெட்டை ஒருத்தியையும் வவுனியாவில் இருந்து வந்த பெடியன் ஒருவனையும் வைத்து எழுதப்பட்ட காதல் நாவல் இது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். முதல் அறுபது பக்கம் வாசிக்கும்போது, எங்கள் பக்கத்துக்கும் இப்படி ஒன்று வந்துவிட்டது என்ற சந்தோசம் வருகிறது. மிச்சம் இருநூற்று அறுபது பக்கமும் அந்தச் சந்தோசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகின்றன. எழுதியவருக்கு இது முதல் புத்தகம் என்பதால் தலைப்பையும் பெயரையும் இங்கே தவிர்க்கிறேன். 320 பக்கம், 1,500 ரூபா.

இந்த வகை நாவலுக்கு ஆங்கில வாசகர்களிடம் ‘நியூ அடல்ட்’ என்று பெயர். 2009 இல் அமெரிக்காவின் சென் மார்ட்டின்ஸ் பதிப்பகம் ஒரு போட்டி அறிவிப்பில் பாவித்த பிறகு பரவிய பெயர் அது. பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆட்கள், வீட்டை விட்டு முதன்முதலாக வெளியே தங்குவது, முதற் சம்பளம், முதற் கடன், முதற் காதல், தன் உடலைப் பற்றித் தானே எடுக்கும் முதல் முடிவு: இவைதான் இந்த வகையின் களம். வன்னிக்கு இது அப்படியே பொருந்தும். இன்று அந்த வயதில் இருப்பவர்கள் போர் முடிந்த 2009 இல் தாயின் இடுப்பில் இருந்தவர்கள், அல்லது ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள். இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாமில் நடை பழகியவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. தறப்பாள் கொட்டிலில் இருந்து வீட்டுத்திட்ட வீட்டுக்கு வந்து, சோதனை எழுதி, இப்போது காதலிக்கிற வயதுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுடைய காதல் பெரியவர்களின் போர்க்கதைக்குள் ஒரு மூலையில் கிடக்காமல், அதுவே கதையாக எழுதப்பட வேண்டும். இந்த நாவல் அதற்குத்தான் புறப்பட்டது. அதனால்தான் இவ்வளவு விரிவாகக் குறை சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லவேண்டும். மூன்றாம் அத்தியாயம், பக்கம் 38 இல் இருந்து 47 வரை. விசுவமடுவில் ஒரு வீட்டு முற்றம். ஐந்து பெண்கள் குழுவாக எடுத்த நுண்கடனுக்குக் கிழமைக் கட்டுக்காசு சேர்க்க வந்தவர் பிளாஸ்டிக் கதிரையில் இருக்கிறார், பெண்கள் பாயில். ஒருத்தி வரவில்லை. அவளுடைய பங்கு 1,850 ரூபா. குழுக்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் சேர்ந்து கட்டவேண்டும், கட்டி முடியுமட்டும் ஒருவரும் எழும்பிப் போக ஏலாது. நாயகியின் தாய் உள்ளே போய்ப் பால்மா ரின்னுக்குள் வைத்திருந்த மகளின் போர்டிங் காசை எடுத்துக்கொண்டு வருகிறா. மகள் கதவு நிலையில் நின்று தாயின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கிறாள். ஆடைத் தொழிற்சாலையில் மெசின் ஊசி ஏறிய சுட்டுவிரல் நகம் கறுத்துப்போய் இருக்கிறது. அந்த விரலை மடக்கி வைத்துக்கொண்டு மற்ற விரல்களால் தாய் நோட்டை எண்ணுகிறா. அவ்வளவுதான். அழுகையும் இல்லை, வசனமும் இல்லை. வறட்சி மாவட்டப் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018 இல் அரசு நிவாரணம் அறிவிக்கிற அளவுக்குப் போன ஒரு நெருக்கடி, ஒரு விரலுக்குள் வந்து நிற்கிறது. இதை எழுதத் தெரிந்த கை சாதாரணமான கை இல்லை.

அந்தக் கடன் பக்கம் 64 உடன் காணாமற் போகிறது. திரும்ப வருவது பக்கம் 287 இல், ஒரேயொரு வரியில்: நாயகன் ‘எல்லாத்தையும் கட்டி முடிச்சிட்டான்’. நாவலின் பெரிய பிழை இதுதான் என்பது என் எண்ணம். பெண்ணின் கழுத்தில் இறுக்கிக் கிடந்த ஒன்றை ஆணின் பேர்ஸ் அவிழ்த்துவிட்டது. அவளுக்கு அதில் வேலையே இல்லை. அவளிடம் கேட்டானா, தாய் அதற்குச் சம்மதித்தாவா, மற்ற நாலு பெண்களின் நிலை என்ன, கட்டின காசு அவர்கள் இருவருக்கும் இடையில் பிறகு எப்படிக் கிடந்தது: ஒன்றுமே இல்லை. வவுனியாவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் தகப்பனின் மகன் என்றால் காசு இருக்கும், அது பிரச்சினை இல்லை. காசு கைமாறிய பிறகும் இரண்டு பேரும் முன்பிருந்த மாதிரியே கதைத்துக்கொள்கிறார்களே, அதைத்தான் நம்ப முடியவில்லை.

காதல் கதையை ஓட்டுவது தடைதான். சேர வேண்டிய இருவர் ஏன் இன்னும் சேரவில்லை என்ற கேள்விக்கு ஒவ்வொரு அத்தியாயமும் பதில் வைத்திருக்க வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பில் தீரக்கூடியது தடை ஆகாது. தீரும்போது இருவரில் ஒருவராவது எதையாவது விட்டுக்கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசிக்கிறவருக்கு ஆறுதல் வராது. இந்த நாவலில் பெரிய பிரிவு பக்கம் 205 இல் தொடங்குகிறது. நாயகன் கிளிநொச்சி ரவுனில் ஒரு பெண்ணை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவதை நாயகி காண்கிறாள். 48 பக்கத்துக்கு அழுகை, நம்பரை புளொக் பண்ணுவது, மழை, தனிமை. பிறகு தெரியவருகிறது, அது அவனுடைய பெரியம்மாவின் மகள். கிளிநொச்சியில் ஒரு பெடியன் பட்டப்பகலில் ஒரு பெட்டையை ஏற்றிக்கொண்டு கண்டி வீதியால் போனால், அவள் ஆர், எந்த ஊர், என்ன முறை என்பது பொழுதுபட முன்னம் போர்டிங் அன்ரி வரைக்கும் வந்து சேர்ந்துவிடும். ஆளையாள் தெரியாத மாநகரத்தில் நடக்கக்கூடிய தப்பபிப்பிராயத்தை, எல்லாரும் எல்லாரையும் தெரிந்து வைத்திருக்கும் ஊரில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இங்கே காதலருக்கு உள்ள சிக்கல் நேரெதிரானது: ஒன்றையும் மறைக்க ஏலாது. அதை வைத்து எழுதியிருந்தால் 48 பக்கமும் பறந்திருக்கும்.

இத்தனைக்கும் உண்மையான தடைகள் நாவலுக்குள்ளேயே கிடக்கின்றன. எழுதியவரே கொண்டுவந்து வைத்துவிட்டு, மறந்துபோய்விட்டார்.

காணியை எடுத்துக்கொள்வோம். நாயகியின் குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயல், அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி, பத்திரம் அப்பாவின் பெயரில். இது பக்கம் 19 இல் சொல்லப்படுகிறது. பக்கம் 231 இல் தாய் அந்த வயலை ஒரு கிழமைக்குள் கொழும்பு முதலாளி ஒருவருக்கு விற்கிறா. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற ஏலாது. அதுவும் பத்திரக்காரர் காணாமல் ஆக்கப்பட்டவர். மரணப் பதிவோ காணாமற்போனமைக்கான சான்றிதழோ இல்லாமல் காணி அடுத்தவர் பெயருக்கு மாறுகிற பின்னுரித்து விசயம் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் நகராது. வன்னியில் பெண்கள் தலைமை தாங்கும் எத்தனையோ குடும்பங்கள் ஏறி இறங்குகிற படி அது. தாய் அந்தப் படியில் ஏறுவதும், மகள் அவனுக்குப் பொய்க்காரணம் சொல்லி ஒரு விரிவுரையை விட்டுவிட்டுக் கூடப் போவதும், அந்தப் பொய்க்காரணத்தை அவன் கண்டுபிடிப்பதும் என்று வந்திருந்தால், காணியும் காதலும் ஒரே கயிற்றில் திரிந்திருக்கும். ஒரு கிழமைக் கையெழுத்து அதை அறுத்துவிட்டது.

அப்பாவின் விசயத்துக்கு வருவோம். அவரைக் கடைசியாகக் கண்டது 2009 மே மாதம், போர் முடிகிற நாட்களில், முல்லைத்தீவு வட்டுவாகலில் என்று பக்கம் 22 இல் ஒரு வரி இருக்கிறது. ஒரு வரிதான், ஆனால் அளவான வரி. அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருந்தது. பக்கம் 296 இல் கலியாணம் பொருந்தி, அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்கிறார்கள். நாவலில் அது இப்படிப் போகிறது: இரு வீட்டாரின் பெயர்களையும் போட்டு, இளஞ்சிவப்பு அட்டையில், தங்க எழுத்தில். அடுத்த பத்தியில் கூறைச்சேலை எடுக்கப் போய்விடுகிறார்கள்.

வன்னியில் ஒரு அச்சகத்தில் இந்த இடம் இவ்வளவு இலகுவாகக் கடக்காது. கணினியில் அட்டையை ஒழுங்குபடுத்துகிறவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்: ‘அப்பாட பேருக்கு முன்னால என்ன போடுறது?’ ‘திரு’ என்று போட்டால், எங்கே ஆள் என்று மாப்பிள்ளை பகுதியில் ஒருவர் கேட்பார். ‘அமரர்’ என்று போட்டால், பதினைந்து வருடத்துக்கு மேல் வாய் திறந்து சொல்லாத ஒன்றை அந்தத் தாய் தன் செலவில் அச்சடித்து ஊருக்குக் கொடுத்ததாகும். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகப் போராட்டம் தொடங்கிய தாய்மார், அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டோம் என்றுதான் இருந்தார்கள். மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற 2016 ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. கலியாண அட்டைக்கு அப்படி நடுவில் ஒரு சொல் இல்லை. அட்டையோடும் முடியாது. மணவறையில் தாய் குங்குமத்தோடு நிற்கிறாவா? ஆராத்தி எடுக்க விடுகிறார்களா? தாரை வார்க்கிறது மாமாவா, பெரியப்பாவா? ஒவ்வொன்றுக்கும் மாப்பிள்ளை வீட்டில் ஒரு கிழவிக்கு ஒரு கருத்து இருக்கும். அந்த நேரம் நாயகன் வாயைத் திறந்து என்ன சொல்கிறான், அல்லது பேசாமல் இருக்கிறான், என்பதில்தான் அவன் எப்படிப்பட்டவன் என்று தெரியவரும். முந்நூறு பக்கமாக ‘அவன் அவளை உயிராக நேசித்தான்’ என்று எழுதியதை நிரூபிக்கக் கிடைத்த ஒரே இடம். அதைத் தங்க எழுத்துக்குள் புதைத்துவிட்டார்கள்.

கலியாணச் சடங்கிலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கான பொன்னுருக்கு முடிந்த அன்று இரவு நாயகன் மதில் ஏறி வந்து நாயகியைச் சந்திக்கிறான். பொன்னுருக்கினால் தாலி கட்டுமட்டும் இருவரும் முகம் பார்க்கக்கூடாது என்பது இங்கே எல்லா வீட்டிலும் சொல்லுகிற வழக்கம். மீறலாம், மீறினால் அது கதைக்கு நல்லது, பிடிபடுவோமோ என்ற பயமும் வரும், பிறகு ஏதும் நடந்தால் ‘அண்டைக்கே பாத்திட்டினம்’ என்ற சொல்லும் வரும். ஆனால் இந்த நாவலில் இருவருக்கும் அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியவில்லை. அவளும் பயப்படவில்லை, அவனும் பயப்படவில்லை, நாங்களும் பயப்படவில்லை.

இனிப் பகிடிவதை, அதாவது ராகிங். ஐந்தாம் அத்தியாயத்தில் இருந்து ஒன்பதாம் அத்தியாயம் வரை நாயகன் இறுதி வருட மாணவன், நாயகி புதுமுகம். கன்ரீன் வாசலில் மத்தியான வெயிலில் செருப்பைக் கழற்றவைத்து நிறுத்துகிறான், பாடச்சொல்கிறான், போனைப் பறித்துத் தன் இலக்கத்துக்கு மிஸ் கோல் கொடுத்து அவளுடைய இலக்கத்தை எடுக்கிறான். அவளுக்குக் கால் பொக்களிக்கிறது. இரவு அவன் மருந்துக் கிறீம் அனுப்புகிறான். அங்கே அவளுக்குக் காதல் அரும்புகிறது என்று நாவல் சொல்கிறது.

இதை ஏற்றுக்கொள்ளவே முடியாது. 1997 இல் பேராதனைப் பொறியியல் பீடத்தில் வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவன் பகிடிவதையால் உயிரிழந்தான். அடுத்த வருடம் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்தால் இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை, அது பாலியல் தொந்தரவாகவோ கடும் காயமாகவோ போனால் பத்து வருடம் வரை. அதே பொறியியல் படிக்க வந்த பெட்டை ஒருத்திக்கு அதே வதையைக் கொடுத்து, அதையே காதலின் முதற்படியாகக் காட்டுவது, இந்த வருடம் பல்கலைக்கழகத்துக்குப் போக இருக்கிற பிள்ளைகளுக்குத் தவறான பாடம். கொடுமைக்காரன் நாயகன் ஆகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த வகை நாவல்களில் அப்படி ஒரு மரபே உண்டு. ஆனால் அந்த மரபுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது: செய்ததை அவன் தன் வாயால் சொல்லவேண்டும், அதற்கு விலை கொடுக்கவேண்டும், அவள் மன்னிக்காமல் விடவும் இடம் இருக்கவேண்டும். இங்கே அவன் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. பக்கம் 270 இல் இருவரும் அந்தக் கன்ரீன் வாசலில் நின்று பழைய ஞாபகத்தில் சிரிக்கிறார்கள். அவளோடு அன்று வெயிலில் நின்ற மற்றப் புதுமுகங்களுக்கு என்ன நடந்தது என்று ஒரு சொல் இல்லை. முறைப்பாடு செய்யலாமா என்று எவரும் யோசிக்கவில்லை.

பல்கலைக்கழக வாழ்க்கையே பொதுவாகத் தட்டையாக இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. படிப்பு ஆங்கிலத்தில், நாலு வருடம், எட்டு அரையாண்டு. நாட்டின் எல்லாப் பக்கத்தாலும் மாணவர்கள் வருகிறார்கள். நாவலின் வகுப்பில் ஒரு சிங்களப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ இல்லை. ஒரு ஆய்வுகூட அறிக்கை, திரும்ப எழுதுகிற ஒரு ரிப்பீற் சோதனை, ஒரு தொழிற்பயிற்சி இல்லை. எல்லாரும் கன்ரீனில் மட்டும் இருக்கிறார்கள். தொழிற்பயிற்சிக்குக் கொழும்புக்குப் போகவேண்டி வந்தால் காதலர் மாதக்கணக்கில் பிரிய வேண்டியிருக்கும், அறை வாடகைக்குக் காசு தேடவேண்டியிருக்கும். மோட்டார் சைக்கிள் தப்பபிப்பிராயத்தை விட அது எவ்வளவோ உறுதியான பிரிவு.

ஊரைப் பற்றிய தகவற்பிழைகள் வன்னி வாசகரை நாவலுக்கு வெளியே தள்ளிவிடும். முக்கியமான முத்தக் காட்சி ஆடி மாதத்தில், இரணைமடுக் குளத்தில், வான்கதவுகள் திறந்து தண்ணீர் பாய, கொட்டும் மழையில் நடக்கிறது. ஆடியில் எங்களுக்கு மழை எங்கே? வன்னிக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை. ஆடியில் சோழகக் காற்று அடிக்கும், புழுதி பறக்கும், குளத்துத் தண்ணீர் இடதுகரை வலதுகரை வாய்க்கால்களால் கோடைச் சிறுபோகத்துக்குப் போய்க்கொண்டிருக்கும், நீர்மட்டம் நாளுக்கு நாள் இறங்கும். குளம் நிறைந்து 36 அடியை எட்டிக் கதவு திறக்கிறது கார்த்திகை மார்கழிப் பக்கம்தான். அப்போது அணைக்கட்டில் காதலர் மட்டும் தனியாக நிற்க ஏலாது, பார்க்க வந்த சனம் நிற்கும், தாழ்நிலத்தில் இருக்கிறவர்களின் நெஞ்சு பதைத்துக்கொண்டிருக்கும். அந்தக் காட்சியை மார்கழிக்கு மாற்றினால் முத்தத்துக்கே ஒரு கனம் வரும். அவன் தண்ணீரை அழகு என்று பார்ப்பான். அவளோ, இந்தத் தண்ணீர் ஆரின் வீட்டுக்குள் போகும் என்று நினைப்பாள். வவுனியா ரவுன் பிள்ளைக்கும் விசுவமடு வயற்காரப் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பார்வையில் விளங்கிவிடும்.

சிறுபோக வயலும் பிழைத்திருக்கிறது. நாயகியின் வீட்டார் இரண்டரை ஏக்கரையும் சிறுபோகத்துக்கு முழுதாக விதைக்கிறார்கள். குளத்துப் பாய்ச்சலில் சிறுபோகத்துக்கு எவ்வளவு விதைக்கலாம் என்பது குளத்துத் தண்ணீரைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகும், ஆளுக்கு ஒரு பங்குக் காணிதான் வரும். விசுவமடுவில் இருந்து அறிவியல் நகருக்குப் போகும் பஸ் முறிகண்டியில் நின்று நாயகி பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திக் கச்சான் வாங்குகிறாள் என்பதும் அப்படித்தான். விசுவமடுவில் இருந்து தர்மபுரம், முரசுமோட்டை, பரந்தன் வந்து, ஏ9 இல் தெற்கே திரும்பிக் கிளிநொச்சி ரவுன் தாண்டினால் அறிவியல் நகர்; முறிகண்டி அதற்கும் அப்பால். இரவு ஒரு மணிக்குப் பரந்தனில் இருந்து அவள் பஸ் ஏறி விடுதிக்கு வருவது எப்படி என்று விளங்கவில்லை. அந்த நேரம் அந்த வீதியில் ஓடுவது யாழ்ப்பாணம் கொழும்பு பஸ்கள், விடுதிக் கதவும் பூட்டியிருக்கும். இவற்றை ஒரு வன்னி ஆளிடம் ஒரு பின்னேரம் வாசிக்கக் கொடுத்திருந்தால் திருத்தியிருக்கலாம். வன்னி இந்தப் புத்தகத்தில் நாடகமேடைச் சீன் மாதிரி பின்னால் தொங்குகிறது, ஆட்கள் அதைத் தொடுவதில்லை.

கதைக்கிற தமிழைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இளம் பிள்ளைகள் தங்களுக்குள் சினிமாத் தமிழ் கதைப்பது உண்மை, ‘மச்சி’ வருவதில் குற்றம் இல்லை. ஆனால் எழுபது வயது அம்மம்மா ‘சாப்பிட்டியா கண்ணு’ என்று கேட்க மாட்டா; ‘சாப்பிட்டிட்டியோ பிள்ளை’ என்றுதான் வரும். தாய் மகளை ‘வாடி போடி’ என்று கதைக்கிற வீடும் இங்கே குறைவு. நாயகி சீனியரை முதல் நாளே ‘நீ’ என்கிறாள், இறுதி வரை ‘நீ’தான். நீங்கள் என்று தொடங்கி, நீர் என்று நெருங்கி, ஒருநாள் தவறி நீ என்று வாயில் வந்துவிடுகிற அந்த இறக்கத்தை, இலவசமாகக் கிடைத்த காதற்காட்சியை, எழுதியவர் எடுத்துக்கொள்ளவில்லை.

அட்டையில் வயது போட்ட காரணத்துக்கு வருவோம். உடல் நெருக்கம் மூன்று இடத்தில் விரிவாக வருகிறது. வருவதில் தவறே இல்லை. பெரிய ஆட்களின் கதையில் அதுவும் ஒரு பகுதி, தமிழில் அதைக் கண்ணியமாக எழுதிக் காட்டுவது நல்ல காரியம். முதலாவது, அவனுடைய வாடகை அறையில், பக்கம் 142. அவள் இரண்டு தடவை வேண்டாம் என்கிறாள். நாவல் அதை நாணம் என்று வர்ணித்துவிட்டுத் தொடர்கிறது. பகிடிவதையைக் காதல் ஆக்கிய அதே கை இங்கேயும் மறுப்பை அழகு ஆக்குகிறது. அடுத்த நாள் காலை அவளுக்குள் பயமோ கோபமோ குழப்பமோ ஒன்றும் இல்லை. கருத்தடை பற்றி ஒரு நினைப்புக்கூட இல்லை. வீட்டில் தெரிந்தால் படிப்பே நின்றுபோகக்கூடிய ஒரு பெட்டைக்கு அந்த நினைப்பு வராமல் இருக்குமா? இரண்டாவது காட்சி முதலாவதன் திரும்பல், எடுத்துவிட்டாலும் கதை அசையாது. மூன்றாவது, கலியாணத்துக்குப் பிறகு, பக்கம் 308. அது நன்றாக இருக்கிறது. அவன் கேட்கிறான், அவள் பதில் சொல்கிறாள், நடுவில் ஒரு இடத்தில் இருவரும் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடன் காட்சியை எழுதிய ஆள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அந்த மனநிலையில் முதலாவது காட்சியைத் திரும்ப எழுதினால் புத்தகத்தின் நடுப்பகுதியே நிமிரும்.

நூலாக எப்படி என்றால், அட்டைப்படம் நல்ல படம். தாள் தடிப்பாக, வெள்ளை அதிகமாகி விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைக்கிறது. தைக்காமல் முதுகில் பசை மட்டும் போட்ட கட்டு. விரித்து அழுத்தினால் நடுப்பக்கங்கள் கழரத் தொடங்கும், நூலகத்தில் பல கை மாறினால் தாங்காது. ண, ன மயக்கமும் ர, ற மயக்கமும் நிறைய. நாயகனின் கண் நிறம் ஒரு அத்தியாயத்தில் கறுப்பு, இன்னொன்றில் தேன். தங்கச்சியின் வகுப்பு பதினொன்றில் இருந்து பத்துக்கு இறங்குகிறது. மெய்ப்புப் பார்க்க ஒரு ஆளுக்குக் காசு கொடுத்திருக்க வேண்டும்.

யாருக்கு வாங்கலாம்? காதல் கதை என்றால் எதுவும் வாசிப்பேன் என்கிறவர்கள் இரவல் வாங்கி முதல் மூன்று அத்தியாயத்தையும் பக்கம் 308 ஐயும் வாசிக்கலாம். உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டாம், ஐந்தாம் அத்தியாயத்துக்காக. நூலகங்கள் எடுத்தால் பெரியவர்கள் பகுதியில் வைத்து, முதல் நாளே முதுகைத் தைத்து மட்டை போடுவது நல்லது. எழுதியவர் இரண்டாம் பதிப்புக்குப் போகிறார் என்றால், தொடவேண்டிய ஒழுங்கு இதுதான்: முதலில் கன்ரீன் வாசல், பிறகு பக்கம் 142, பிறகு அச்சகம். 48 பக்கப் பிரிவை முழுதாக வெட்டினால் அச்சகத்துக்கும் காணிக் கிளைக்கும் வேண்டிய இடம் தானாகக் கிடைக்கும், விலையும் ஏறாது.

கடையில் வாங்குகிறவர்கள் பக்கம் 97 ஐத் திறந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். சில பிரதிகளில் 97 இல் இருந்து 112 வரை இரண்டு தடவை வைத்துக் கட்டி, 113 இல் இருந்து 128 வரை விடுபட்டிருக்கிறது. அப்படி இருந்தால் பில்லோடு கொண்டுபோக மாற்றித் தருகிறார்கள்.